கதை நேரத்தை நிறுத்திய கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் அவர்களுக்கும், அவரோடு ஆய்வுக்கு வந்திருந்த குழுவினருக்கும்,

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில் உள்ள எங்கள் தொடக்கப் பள்ளியில், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நடந்துவந்த கதை நேரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பிள்ளைகள் வரைந்து சுவரில் ஒட்டியிருந்த இடும்பன் படத்தையும் குள்ளர் குகைப் படத்தையும் அன்றைக்கே எடுக்க வைத்தீர்கள். வீட்டில் கேட்டு அவர்கள் எழுதிக்கொண்டு வந்த கதை நோட்டுகளை, பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று ஜீப்பில் எடுத்துப் போனீர்கள். இன்னும் திரும்பி வரவில்லை. மறுநாள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. புராணக் கதை, மூடநம்பிக்கைக் கதை எதுவும் வகுப்பில் கூடாது, வெளியாட்களை அழைக்கக் கூடாது, வழங்கப்பட்ட நீதிக்கதை அட்டைகளை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று. அதில் கையெழுத்து இல்லை, கடித எண் இல்லை, காரணமும் இல்லை.

வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் இதை எதிர்த்துப் பேச முடியாது. நான் ஓய்வு பெற்றவள். இந்த மலைப் பள்ளிகளில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால் வெள்ளிக்கிழமைகளில் போய்க் கதை சொன்னவளும், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தவளும் நான்தான். ஆகவே பதில் சொல்ல வேண்டியவள் நான். கேட்க வேண்டியதும் எனக்கு இருக்கிறது.

'அரசுப் பள்ளியில எதுக்கும்மா சாமி கதை?' என்று என்னிடம் நேராகவே கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதிலைக் கேட்க நீங்கள் நிற்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

நீங்கள் எடுக்கச் சொன்ன இடும்பன் படத்திலிருந்தே தொடங்குகிறேன். பழனிக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தெற்கே கொண்டுவரும்படி அகத்தியர் சொல்கிறார். ஒரு தண்டத்தின் இரண்டு முனையிலும் பாம்புகளைக் கயிறாக்கி மலைகளைக் கட்டித் தூக்கி வருகிறான் இடும்பன். ஆவினன்குடிக்குப் பக்கத்தில் களைத்துப்போய் இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்கினால் ஒரு மலை அசைய மாட்டேன் என்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மேலே கோவணம் கட்டிய ஒரு சிறுவன் நிற்கிறான். இறங்கு என்கிறான் இவன். இது என் மலை என்கிறான் அவன். சண்டையில் இடும்பன் உயிர் போகிறது. அவன் மனைவியும் அகத்தியரும் வந்து மன்றாடிய பிறகு முருகன் அவனை எழுப்பி, தன் மலைக்கே காவலாக வைத்துக்கொள்கிறான். இன்றும் காவடி எடுத்துப் போகிறவர்கள் முதலில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பா காப்பி மூட்டையைத் தோட்டத்திலிருந்து லாரி நிற்கும் இடம் வரை தலைச்சுமையாகக் கொண்டுவருகிறவர். 'டீச்சர், சுமை தூக்கிட்டு வந்தவன் கொஞ்ச நேரம் இறக்கி வெச்சது தப்பா? அதுக்குப் போய் ஏன் கொன்னாங்க?' என்றாள். வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அது முருகன் மலை, கேட்டிருக்கணும் என்றான் ஒருவன். இவன் தூக்கிட்டு வந்த மலைதானே, அவரு எப்ப வாங்கினாரு என்றாள் அவள். பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், 'அகத்தியருக்கு வேணும்னா அகத்தியரே தூக்கியிருக்கலாம்ல?' என்றது. யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் போகவில்லை. ஒரு மூங்கில் கழியின் இரண்டு பக்கமும் புத்தகப் பைகளைக் கட்டித் தோளில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பை கனமாக இருந்தால் தோளை அந்தப் பக்கமாக நகர்த்தினால்தான் கழி சாயாமல் நிற்கும் என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். அது நெம்புகோல் பாடம். இவர்களுக்கு இடும்பன் அன்றைக்கே நடத்திவிட்டான்.

இதில் மதம் எங்கே புகுந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கடவுள் செய்தது நியாயமா என்று ஒரு பத்து வயதுப் பெண் எழுந்து கேட்க முடிந்த வகுப்பு அது.

குள்ளர் குகையை மூடநம்பிக்கை என்றீர்கள். இந்த மலையில் தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கமெல்லாம் கற்பலகைகளைச் சுவர் மாதிரி நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி வைத்த கற்திட்டைகள் இருக்கின்றன. மாடு மேய்க்கிற பிள்ளைகள் மழைக்கு அதற்குள்தான் ஒதுங்குகிறார்கள். அவற்றைக் குள்ளர் கட்டினார்கள் என்று ஒரு தாத்தா சொன்னார். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடு என்றார் இன்னொருவர். நெருப்பு மழை பெய்தபோது ஜனங்கள் ஒளிந்துகொண்ட இடம் என்றார் ஒரு பாட்டி. மூன்றையும் பலகையில் எழுதிப் போட்டேன். அப்புறம் நான் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குள்ளர் என்றால் இவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள்? ஐந்து பாண்டவரும் ஆளுக்கொரு வீடு கட்டினாலும் ஐந்துதானே வரும், இத்தனை ஏன்? நெருப்பு மழை பெய்திருந்தால் கல்லில் கரி பிடித்திருக்காதா? எல்லாம் அவர்களே கேட்டார்கள். தாகம் எடுத்த அந்த நேரத்தில்தான் தொல்லியல் சொல்வதைச் சொன்னேன். இவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. செண்பகனூரில் இருந்த ஆங்லேட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த மலையின் கற்திட்டைகளைத் தேடித் தேடி அளந்து எழுதியது 1928-லேயே புத்தகமாக வந்துவிட்டது. தாண்டிக்குடியில் அகழாய்வும் நடந்திருக்கிறது. இப்போது அந்தப் பிள்ளைகள் கற்திட்டைப் பலகையைப் பெயர்த்து வாசற்படிக்குப் போட விட மாட்டார்கள். பெருங்கற்காலச் சின்னம் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒப்பித்துவிட்டு மறந்திருப்பார்கள்.

பேகனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவியர் குடியின் தலைவன், நம் பழனி மலையை ஆண்டவன். பேகன் என்றதும் எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பது ஒரே வரி: மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல். அதோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் புறநானூற்றில் 143-ஆம் பாட்டிலிருந்து 147 வரை எடுத்துப் பாருங்கள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அடுத்தடுத்து அவன் முன்னால் போய் நிற்கிறார்கள், அவன் விட்டுப் பிரிந்ததால் வீட்டில் அழுதுகொண்டிருக்கும் அவன் மனைவி கண்ணகிக்காக. பசித்து வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் ஒன்றுதான், இன்று இரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர்த்துவிடு என்கிறார் பரணர். மயிலுக்கு இரங்கிய மனம் கட்டிய மனைவிக்கு இரங்கவில்லையே என்று ஆளுகிறவன் முகத்துக்கு நேராகக் கேட்ட துணிவு அது. இந்தக் கதையை முழுதாகக் கேட்ட நான்காம் வகுப்பு, வள்ளல் என்றால் எல்லாவற்றிலும் நல்லவர் என்று நினைத்துக்கொள்ளாமல் வளரும். இது எங்கள் மண்ணின் கதை. பிள்ளைகள் காதில் விழ வேண்டாமா?

நீங்கள் வெளியாட்கள் என்று எழுதியிருப்பது யாரை என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர், இந்த மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்பிலிருந்து வந்த பாட்டி. அவருடைய பேரன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான். எழுதத் தெரியாது, மந்தம் என்றே எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். பாட்டி வள்ளி கதை சொல்ல வந்தார். முருகன் கிழவனாக வேஷம் போட்டு வந்ததையெல்லாம் அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவருக்கு முக்கியம் பரண். தினைக் காட்டில் பரண் எந்த உயரத்தில் கட்டணும், கவணுக்கு எந்தக் கல் எடுக்கணும், கிளி வந்தால் எப்படிச் சத்தம் கொடுக்கணும், பன்றி வந்தால் எப்படி, காட்டுமாடு வந்தால் ஏன் சத்தமே கொடுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் குரலை மாற்றினார். ஒரு இடத்தில் பாட்டி எதையோ விட்டுவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேரன் எடுத்துக் கொடுத்தான், கரடி வந்தா என்ன பண்ணணும்னு சொல்லலையே என்று. எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பாட்டி அவனையே எழுப்பிச் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். அதற்கடுத்த வாரம் அவன் கொண்டுவந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுத்து இருந்தது. எழுத்துப் பிழை நிறைய, ஆனால் ஒரு வரிகூட யாரையும் பார்த்து எழுதியது இல்லை. நீங்கள் எடுத்துப் போன நோட்டுகளில் அதுவும் இருக்கிறது.

வேளாங்கண்ணியில் பால்காரச் சிறுவனின் பானை பொங்கி வழிந்த கதையை எங்கள் ஊர் கிறிஸ்தவத் தாத்தா ஒருவர் சொன்னார். நாகூர் ஆண்டவர் கையிலிருந்த கண்ணாடியை வீசி நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அடைத்த கதையை, கடை வைத்திருக்கும் பாய் சொன்னார். கண்ணாடி எத்தனை பெரியது என்று அவரை விடாமல் குடைந்தார்கள். ஒருவரும் யாரையும் கும்பிடச் சொல்லவில்லை.

சட்டம் தெரியாமல் நாங்கள் இதைச் செய்யவில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்கிறது. அதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். மத போதனை வேறு, மதங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002-இல், அருணா ராய் தொடுத்த வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. நம் அரசின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலையே எடுத்துப் பாருங்கள். திருவிளையாடற் புராணம் இருக்கிறது, கம்பராமாயணம் இருக்கிறது, தேம்பாவணி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் செய்யுளாகப் படித்துத் தேர்வு எழுத வேண்டியதை நான்காம் வகுப்பில் கதையாகக் கேட்டால் மட்டும் எப்படித் தவறாகும்?

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. 2024-இல் சென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் சொற்பொழிவுக்கு வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்ற பொருளில் பிள்ளைகள் முன்னால் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. அந்த மாதிரிப் பேச்சு எங்கள் பள்ளிக்குள் நுழைந்தால் தடுக்க முதல் ஆளாக நான் வாசலில் நிற்பேன். ஆனால் அங்கே நடந்தது என்ன? மைக் பிடித்தவர் பேசுவார், பிள்ளைகள் வாய் மூடிக் கேட்க வேண்டும். எங்கள் கதை நேரத்தில் பேசுவது பிள்ளைகள். இரண்டையும் ஒரே தடையில் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள்.

அப்புறம் நீங்கள் கொடுத்த அட்டைகள். எனக்கு மிகவும் வலித்தது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

புராணக் கதை கூடாது என்று சொல்லிவிட்டு நீங்கள் கொடுத்திருக்கும் அட்டைகளில் ஒன்று ஏகலைவன். மகாபாரதக் கதையேதான். பக்கத்தில் வண்ணப் படம், கீழே கட்டம் போட்டு 'நீதி: குருவிடம் பக்தி வேண்டும்'. அதற்கும் கீழே கோடிட்ட இடம் நிரப்புதல்: ஏகலைவன் குருவுக்குக் கொடுத்த காணிக்கை என்ன? வகுப்பாசிரியை சொன்னபடி செய்தார். வாசித்தார், நீதியைப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பளியர் பையன் வலது கைக் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மேலே மற்ற விரல்களை இறுக்கி மூடி வைத்திருந்தான். பாடம் முடியும் வரை அந்தக் கையைத் திறக்கவில்லை. வேடர் குலத்துப் பையன் ஒருவன் தானாகக் கற்றுக்கொண்ட வித்தையை, ராஜா வீட்டுப் பிள்ளைக்குப் போட்டியாகிவிடுவான் என்பதற்காக வெட்டி வாங்கிக்கொண்ட கதை அது. காட்டிலிருந்து பள்ளிக்கு வந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லி, கேட்டதைக் கொடுத்துவிடு, அதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று நீதி எழுதிக் கொடுத்தால் அவனுக்குப் பள்ளிக்கூடம் எப்படித் தோன்றும்? துரோணர் கேட்டது நியாயமா என்று ஒரு கேள்விக்கு அந்த அட்டையில் இடமில்லை. நிரப்ப வேண்டிய இடத்தில் ஒரே சொல்தான் பொருந்தும்.

ஏகலைவன் கதையை வகுப்பில் சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் வர விட வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 29-வது பிரிவில் சொல்வதும் இதுதான்: பிள்ளை அச்சமும் பதற்றமும் இல்லாமல் இருக்க வேண்டும், தன் கருத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். விரலை மடக்கி வைத்திருந்த அந்தப் பிள்ளைக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது?

நேரம் வீணாகிறது என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளை. காப்பிப் பழம் எடுக்கும் சீசனில் பாதிப் பிள்ளைகள் பெற்றோரோடு தோட்டத்துக்குப் போய்விடும் ஊர் இது. வெள்ளிக்கிழமை மட்டும் வருகை குறையாமல் இருந்ததை நீங்கள் வருகைப் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மேல் நான் வாதாட விரும்பவில்லை.

தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மக்களின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2024-25 நிதிநிலை அறிக்கையில் அரசே அறிவித்தது. நல்ல காரியம். அதே அக்கறை எங்கள் மலையின் பளியருக்கும் புலையருக்கும் வேண்டும். பாட்டிகளின் கதையை ஒலிப்பதிவு செய்து எங்கோ அலமாரியில் வைத்துவிட்டு, சொந்தப் பேரன் படிக்கும் வகுப்புக்குள் பாட்டியை விட மாட்டோம் என்றால், அந்தப் பதிவை யார் கேட்பதற்காக எடுக்கிறோம்?

நான் கேட்பவை இவை. வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தியைத் திரும்பப் பெற்று, வெள்ளிக்கிழமைக் கதை நேரத்தை நடத்தலாம் என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். முடியாது என்றால் எந்த விதிப்படி முடியாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள், நாங்கள் மேலே முறையிட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளின் நோட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் குறையாமல் உடனே திருப்பி அனுப்புங்கள். அவற்றில் சிவப்பு மையில் எதுவும் திருத்த வேண்டாம். நீதிக்கதை அட்டைகளை வைத்துக்கொள்வதானால் நீதிக் கட்டத்தையும் கோடிட்ட இடத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகள் தங்கள் கேள்வியை எழுத வெற்றிடம் விடுங்கள். ஏகலைவன் அட்டையை இந்த மலையின் எந்தப் பள்ளியிலும் இப்போதிருக்கும் வடிவில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லுங்கள்.

யார் கதை சொல்ல வரலாம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்யட்டும். வழிபாடு, பிரசாரம், சாதிப் பெருமை, பயமுறுத்தல் எதுவும் கூடாது என்ற நிபந்தனையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர நாங்கள் தயார். எந்த வெள்ளிக்கிழமை வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து உட்கார்ந்து பாருங்கள். கதை சொல்ல வரும் பெரியவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் பள்ளி மானியத்திலிருந்து கொடுக்க அனுமதி வேண்டும். வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளைக் கற்திட்டைகளுக்கும் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போக ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த மடலின் நகலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலிலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த குழுக் கூட்டத்துக்குள் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
கீழ்மலை.